முனீஸ்வரி கொடுத்த இரண்டு சாட்சிகள்

வன்னியம்பட்டி முனீஸ்வரிக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பேண்டேஜ் கம்பெனியில் போயின. மிச்சமிருக்கும் விரல்களை வைத்து இரண்டு மாடுகளில் பால் கறக்கப் பழகிக்கொண்டாள். காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். முப்பத்தாறு வயது. ஒரே மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஊரில் விசாரித்தால், "கறாரான பொம்பள, ஆனா நேர்மையானவ" என்பார்கள். அவள் ஒரு பொய்ச் சாட்சி சொன்னதும், அந்தப் பொய் கடல் தாண்டிப் போய் ஒரு பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்தக் கம்பெனியில் அவள் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி அங்கே தயாராகிறது. ஆள் நீளத்துக்குச் சுற்றி வருகிற உருளையை, வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி மிஷினில் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. வெட்டிய துண்டுகள் எதிர் மேஜைக்குப் போகும். அங்கே அவற்றை எண்ணிப் பாக்கெட் போடுகிறவள் சோழபுரத்து அனுசியா. முனீஸ்வரியை விட ஏழெட்டு வயது சின்னவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அவள் பேச ஆரம்பித்தால் மிஷின் சத்தத்திலும் நாலு பேர் காதைக் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் எல்லாரையும் "ஏட்டி" என்பார், அவளை மட்டும் "அனுசியாம்மா" என்பார். முனீஸ்வரி இதையெல்லாம் கவனித்தாள். ஆனாலும் அப்போது அனுசியாவை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

பிளேடுக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு. அது இருந்தால் உருளை மாற்ற நேரமாகிறது என்று கழற்றிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முனீஸ்வரியின் கை உருளையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

முதலில் ஓடி வந்தவள் அனுசியாதான். மேஜையிலிருந்த பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, பேண்டேஜை உருவிக் கையைச் சுற்றினாள். சூப்பர்வைசர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். "எக்ஸ்போர்ட் பாக்கெட்டத் தொடாத! வேஸ்ட் துணி கெடக்குல்ல, அத எடுத்துச் சுத்து!" அனுசியா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு பாக்கெட்டையும் கிழித்தாள்.

ஆஸ்பத்திரியில், வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும்போது அரிவாள் பட்டுவிட்டதாகச் சொல்லச் சொன்னார்கள் கம்பெனிக்காரர்கள். முனீஸ்வரி அப்படியே சொன்னாள். அவள் கணவன் விஜயபாண்டி அதே கம்பெனியில் வேன் டிரைவர். கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறவன். அவன் வேலை நிலைக்க வேண்டுமே. அதோடு அந்த விஷயம் முடிந்துபோனது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஞானதுரை அவள் வீடு தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகம் நடத்தினார்.

"ஐரோப்பாவுல, வடக்க ஒரு குளிர் நாடு. நம்ம கம்பெனி பேண்டேஜ் அங்கதான் போகுது. அந்த நாட்டு எம்.பி. ஒரு அம்மா அடுத்த மாசம் இங்க வாராவ. பேரு பிர்கித்தா. அவிய பாராளுமன்றத்துல ஒரு சட்டம் கொண்டுவரப் பாக்காவ. வெளிநாட்டுல பொம்பளைக கையும் காலும் போற மாதிரி செஞ்ச சாமான அரசாங்க ஆஸ்பத்திரி வாங்கக் கூடாதுன்னு. நீங்க நடந்ததச் சொன்னாப் போதும்."

"அந்த ஊருக்காரவிய நமக்காக எதுக்குப் பேசணும்?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

"அதாம்மா விசேஷம். இந்தத் துணிய வாங்குற கம்பெனியே அவிய தொகுதியிலதான் இருக்கு. முந்நூறு குடும்பம் அதுல பொழைக்கு. அவிய கட்சிக்காரவியளே, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்காவ. அந்த அம்மா விடல."

முனீஸ்வரி உள்ளே திரும்பிப் பார்த்தாள். விஜயபாண்டி வாசலுக்கு வராமலே தலையை ஆட்டினான். வேண்டாம் என்று அர்த்தம்.

"என் பேரு எங்கயும் வரக் கூடாது சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அனுசியா பேசுவதாக ஒத்துக்கொண்டாள் என்று அடுத்த வாரம் தெரிந்தது. கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில். முனீஸ்வரி பருத்திக்கொட்டை வாங்கப் போகிறதாக வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போனாள். கடைசி வரிசையில், முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிர்கித்தா என்கிற அந்த எம்.பி. உயரமும் அகலமுமான பொம்பளை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்துபோய், ஒரு பைலை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். அனுசியா பேச எழுந்ததும் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்த அக்கா பேரச் சொல்ல மாட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டாவ" என்று ஆரம்பித்தாள் அனுசியா. மூடி இல்லாத பிளேடு, எக்ஸ்போர்ட் பாக்கெட், ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்ன பொய் என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு சொன்னாள்: "அவிய அழல. கத்தல. என் விரல் எங்கடி, என் விரல் எங்கடின்னு என்கிட்ட கேட்டாவ. நான் அதத் தேடி எடுத்து ஒரு பாலித்தீன் பையில போட்டு வச்சேன். ஆஸ்பத்திரிக்கு அதக் கொண்டுபோக யாரும் விடல."

ஹாலில் இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஞானதுரை மொழிபெயர்த்து முடித்ததும் பிர்கித்தா எழுந்து வந்து அனுசியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

முனீஸ்வரிக்குக் காது சுட்டது. அவள் அப்படிக் கேட்டது உண்மைதான். புருஷனிடம்கூட அவள் சொல்லாத விஷயம். விரலைத் தேடி எடுத்த கதை அவளுக்கே இப்போதுதான் தெரியும். தன்னுடைய வலியை ஒருத்தி இவ்வளவு அழகாகச் சொல்கிறாள், அதற்கு அவள் கையைப் பிடிக்கிறார்கள். வெட்டுப்பட்ட கை முந்தானைக்குள் கிடக்கிறது. பேர் வேண்டாம் என்று சொன்னதே தான்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. யாரிடமும் பேசாமல், பருத்திக்கொட்டையும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து சொசைட்டியில் பால் ஊற்ற நின்றபோது, செயலாளர் தன் போனை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பிர்கித்தா பாராளுமன்றத்தில் பேசுகிறாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. 'அனுசியா என்ற பெண் என்னிடம் சொன்னாள். நம் ஆஸ்பத்திரிகளில் புண்ணைச் சுற்றுகிற துணி அது. அதைச் செய்கிறவளின் கை வெட்டுப்பட்டபோது, அவளுக்கு அதில் ஒரு முழம் கொடுக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. என் ஊரில் முந்நூறு பேர் இந்த வியாபாரத்தை நம்பி இருக்கிறார்கள். அவர்கள் என் அண்டை வீட்டுக்காரர்கள். அவர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.'

அனுசியா என்ற பேரை அந்தப் பேச்சில் நான்கு தடவை சொன்னாள். முனீஸ்வரி எண்ணினாள்.

"அந்தப் பிள்ளைக்கு எம்புட்டு தைரியம் பாரேன்" என்றாள் பக்கத்தில் நின்ற பொன்மணி. முனீஸ்வரியின் கையை அவள் தினமும் பார்க்கிறவள்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஜயபாண்டியும் அதையே எடுத்தான். "நம்ம வேன்ல வருத பிள்ளதான். அங்க பாராளுமன்றத்துல அவ பேரச் சொல்லுதாவ. லேசுப்பட்ட காரியமா?"

முனீஸ்வரி கரண்டியைச் சட்டியில் போட்டாள். "வெட்டுப்பட்டது யாருக்கு?"

"உனக்குத்தான். நீ பேச மாட்டேன்னுட்டியே."

"நீங்கதான வேண்டாம்னு தலைய ஆட்டுனீக!"

"ஆட்டுனேன். இல்லங்கல. அவளுக்கும்தான் வீட்டுல ஆட்டிருப்பாவ."

அந்த ஒரு வார்த்தையை அவள் வெகுநாள் மறக்கவில்லை. பால் கறக்கும்போதும், துணி துவைக்கும்போதும் மனசுக்குள் அனுசியாவோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய விஷயம் அது. நல்லதோ கெட்டதோ, என்னுடையது. அதையும் தன் பேரில் எழுதிக்கொண்டாளே.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் காளிராஜ் வந்தார். மரியாதையான மனுஷன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கம்பெனிக்குக் கெட்ட பேரு வந்துருச்சும்மா. ஆர்டர் நின்னா உங்க வீட்டுக்காரருக்கும்தான் கஷ்டம். நான் பொய் சொல்லச் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அந்த அனுசியா டூட்டியில இருந்துச்சா? எங்க ரெஜிஸ்தர்ல தெளிவா இல்ல."

முனீஸ்வரி வாயைத் திறந்தபோது என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"அவ அன்னைக்கு லீவு."

காளிராஜ் நிமிர்ந்து பார்த்தார். "நிச்சயமாவா?"

"லீவுதான். நானே துணியச் சுத்திக்கிட்டேன்."

காளிராஜ் எழுதிக்கொண்டார். விரல் எப்படிப் போனது என்று அவர் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை. அனுசியா இருந்தாளா இல்லையா, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. முனீஸ்வரி வலது கையால் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. மகளுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள்.

அந்தக் காகிதம் இங்கிலீஷில் மாறி, பேண்டேஜ் வாங்குகிற கம்பெனிக்குப் போய், அங்கிருந்து பாராளுமன்றத்துக்குப் போனது. வியாபாரிகள் பக்கம் பேசுகிற ஒரு எம்.பி. அதை எழுந்து நின்று வாசித்தார். சம்பவம் நடந்த இடத்தில் இல்லாத ஒரு பெண்ணின் கற்பனைக் கதையை நம்பி, நம் ஊர் வேலைகளைப் பலி கொடுக்கச் சொல்கிறாரே இந்த அம்மையார் என்று கேட்டார். அந்த ஊர்ப் பத்திரிகைகள் பிர்கித்தாவைக் கேலிப்படம் போட்டன. சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி அவளுடைய கட்சியே சொன்னது.

இங்கே, பொய் பேசிக் கம்பெனி பேரைக் கெடுத்ததாக அனுசியாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வெள்ளைக்காரியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டுப் பேசினாள் என்று சோழபுரத்தில் பேச்சு. அவளுடைய அம்மா சுந்தரம்மாள் கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

முதல் நாலைந்து நாள் முனீஸ்வரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பிறகு ஒரு மத்தியானம், தொட்டியடியில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அனுசியா வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். திட்டவில்லை, அழவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் லீவா?"

முனீஸ்வரி மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுக்கா. எனக்கே சந்தேகமா இருக்கு. ஊரெல்லாம் லீவுங்கு. நான் லீவா?"

"ஏட்டி, என் கைய வச்சு நீ பேரு வாங்கிட்டேல்ல! அந்த அம்மா உன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாவளே. எந்தக் கையப் புடிக்கணும் அவிய?"

அனுசியா ஒரு அடி கிட்டே வந்தாள். "நீ அங்க வந்திருந்தியா?" என்று கேட்டாள். பிறகு, "நீ பேசமாட்டேன்னதுனாலதான்க்கா நான் பேசுனேன். பேசணும்னு எனக்கென்ன ஆச? நீ வா. வந்து நீயே பேசு. நான் ஒரு வார்த்த பேசல" என்றாள். வெயிலில் வந்த வழியே நடந்து போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை முனீஸ்வரி தானாகவே ஞானதுரையின் அலுவலகத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கும் எண்ணமெல்லாம் இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர் நாற்காலியைக் காட்டினார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று அவருக்கும் தெரியும்.

"அந்த எம்.பி. சட்டத்த வாபஸ் வாங்கிட்டாவளா?"

"இல்ல. ரெண்டு வாரமா அவியள எல்லாரும் நெருக்குதாவ. நேத்துப் பேசுனாவ என்கிட்ட. 'அந்தப் பொண்ணு கண்ணப் பாத்தேன், அவ பொய் சொல்லல. இதுக்காக என் பதவி போனாப் போகட்டும்'ன்னாவ. அனுசியாவ அம்புட்டு நம்புதாவ."

முனீஸ்வரி நினைத்துப் பார்த்தாள். எங்கேயோ இருக்கிற ஒருத்தி, சொந்த ஊர்ப் பகையையும் சம்பாதித்துக்கொண்டு அனுசியாவை நம்புகிறாள். அரைமணி நேரம் பார்த்த பழக்கம்தான். என்னை இப்படி யாராவது நம்பியது உண்டா? நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எல்லாரும் நம்பினார்கள். அது பொய்.

"நான் பேசுதேன் சார்" என்றாள். "என்னையும் அவிய பாக்கட்டும்."

நடந்ததை வீட்டில் சொன்னபோது விஜயபாண்டி, "வேன் வேலை போயிரும், தெரியும்ல?" என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேச வேண்டிய அன்று அவள் தனியாகத்தான் பஸ்ஸில் போனாள்.

அங்கே காலை பதினோரு மணி, இங்கே மத்தியானம் மூன்றரை. ஞானதுரையின் கம்ப்யூட்டரில் ஒன்பது முகங்கள் தெரிந்தன. சட்டத்தை ஆராய்கிற குழு. ஓரத்தில் பிர்கித்தா. முனீஸ்வரி முதலில் தன் இடது கையைக் கேமரா முன்னால் விரித்துக் காட்டினாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அனுசியா சொன்ன அளவுக்கு அவளுக்குச் சொல்ல வரவில்லை. நாட்களை மாற்றிச் சொல்லித் திருத்தினாள். பாக்கெட்டைப் பல்லால் கிழித்ததை மட்டும் தெளிவாகச் சொன்னாள். "அவ இருந்தா. அவதான் கட்டுப் போட்டா. நான் கையெழுத்துப் போட்டது பொய்."

அன்று காகிதத்தை வாசித்த எம்.பி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார். ஞானதுரை தமிழில் சொன்னார்: "அப்படின்னா அன்னைக்கு ஏன் பொய் சொன்னீங்க? கம்பெனியில மிரட்டினாங்களா? இல்ல, இன்னைக்கு இப்படிச் சொல்ல யாராவது ஏதாவது தரேன்னாங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பயந்துட்டேன்னு சொன்னாக்கூடப் போதும்மா" என்றார்.

"பயமில்ல சார். யாரும் மிரட்டல. யாரும் எதும் தரல. பொறாமை."

"என்ன?"

"பொறாமைன்னு சொல்லுங்க. அவ பேரு வெளிய வந்தது எனக்குப் பொறுக்கல. அதான் சொன்னேன்."

"அப்படியேவா சொல்ல?"

"அப்படியே சொல்லுங்க."

அவர் சொன்னார். கேள்வி கேட்டவர் குனிந்து ஏதோ எழுதினார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பிர்கித்தா மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து முனீஸ்வரியைப் பார்த்தாள். ஹாலில் அனுசியாவைப் பார்த்த அதே பார்வையா என்று முனீஸ்வரி உற்று உற்றுப் பார்த்தாள். திரையில் சரியாகத் தெரியவில்லை.

சட்டம் நிறைவேறியது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகள் வாங்குவதற்கு முன்னால் தொழிற்சாலையை ஆள் அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்பது வரைக்கும் வந்தது. சோதிக்க வந்தவர்கள் பார்க்கும்போது எல்லா மிஷினிலும் புது மூடி மாட்டியிருந்தது. ஆர்டர் நிற்கவில்லை. அனுசியாவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தார்கள். விஜயபாண்டியை ஒரு காரணமும் சொல்லாமல் நிறுத்தினார்கள். அவன் இப்போது ஆலங்குளத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். முனீஸ்வரியோடு பேச ஆரம்பித்துவிட்டான். ஆனால் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வேன் வேலையை இழுப்பான்.

பிர்கித்தா அடுத்த தேர்தலில் தோற்றாள். அவளுடைய சொந்த ஊர்தான் தோற்கடித்தது.

போன வருஷம் அந்த நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று அனுசியாவை ஒரு மாநாட்டுக்குக் கூப்பிட்டது. முனீஸ்வரியைக் கூப்பிடவில்லை. முதலில் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டவளை மேடையில் ஏற்றினால் எதிர்த்தரப்பு பேசும் என்று ஞானதுரை தயங்கித் தயங்கிச் சொன்னார். "சரிதான் சார்" என்றாள். அனுசியா விமானம் ஏறிய அன்று முனீஸ்வரி மாட்டை அடித்தாள். எதற்கென்று மகள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அனுசியா திரும்பி வந்த மறுநாளே முனீஸ்வரி இரண்டு பஸ் மாறி சோழபுரம் போனாள். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனாள். சுந்தரம்மாள் காப்பி கொடுத்தாள். அனுசியா போனை நீட்டி ஒவ்வொரு படமாகக் காட்டினாள். மாநாட்டு மண்டபம், கப்பல் நிற்கிற துறை, ஒரு வீட்டு வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு பிர்கித்தா.

"இப்ப என்ன செய்யுதாவ?"

"எம்.பி. ஆகுறதுக்கு முந்தி பாத்த நர்ஸ் வேலைக்கே திரும்பிட்டாவ. அவியளோட கடைத்தெருவுக்குப் போனேன்க்கா. எதுக்க வந்த ரெண்டு பேரு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனாவ. அந்தக் கம்பெனி ஆளுகளாம்."

"வருத்தப்பட்டாவளா?"

"இல்லன்னு சொன்னாவ. ஆனா அதுக்குப் பொறவு ஒண்ணும் வாங்காம வீட்டுக்குத் திரும்பிட்டாவ."

முனீஸ்வரி காப்பியைக் கீழே வைத்தாள். "என்னப் பத்திக் கேட்டாவளா?"

"கேட்டாவ."

"என்னன்னு கேட்டாவ?"

அனுசியா தயங்கினாள். "உனக்கு இப்பவும் என் மேல பொறாமை இருக்கான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன்."

"இருக்குன்னு சொல்லிருக்கலாம்ல ஏட்டி" என்றாள் முனீஸ்வரி.

அனுசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முனீஸ்வரி சிரிக்கவில்லை. அடுத்த படத்தைக் காட்டச் சொன்னாள்.